பிய்த்த பன்றி இறைச்சி

பிய்த்த பன்றி இறைச்சி என்பது பன்றியின் தோள்பட்டைப் பகுதியைக் குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் வேகவைத்து, கத்தியின் உதவியின்றி முள்கரண்டியாலோ விரல்களாலோ நார் நாராகப் பிரித்து ஆக்கப்படும் உணவு ஆகும். ஆங்கிலத்தில் புல்ட் போர்க் என வழங்கப்படும் இவ்வுணவு ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உருவானது. தொடக்கத்தில் தணலிலும் புகையிலும் வாட்டப்பட்டு வந்தது. ஸ்லோ குக்கர் எனப்படும் மின் சமையற்பாத்திரம் 1970களில் பரவிய பின்னர் வீட்டுச் சமையலறைகளிலும் எளிதாகச் செய்யப்படுகின்றது. சோயா சாஸ், இஞ்சி, அன்னாசிப்பூ முதலியவற்றைச் சேர்த்துச் செய்யப்படும் வகை ஆசியப் பாணிப் பிய்த்த பன்றி இறைச்சி எனப்படுகின்றது.

இவ்வுணவின் தன்மையைத் தீர்மானிப்பது மசாலாவோ கருவியோ அன்று. எந்தப் பகுதி இறைச்சி, எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம் இருந்தது என்பனவே அதைத் தீர்மானிக்கின்றன. பன்றி இறைச்சி பற்றித் தமிழ்நாட்டில் நிலவும் உடல்நல அச்சங்களுக்கு விடை காணவும் இம்மூன்றையும் அறிந்திருத்தல் உதவும்.

பெயரும் தோற்றமும்

கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் இறைச்சியை மரச்சட்டங்களின் மேல் வைத்து வாட்டிய முறையைக் குறிக்கும் சொல்லில் இருந்தே பார்பெக்யூ என்னும் சொல் பிறந்ததாகப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் பன்றியை மரத்தணலில் நீண்ட நேரம் வாட்டி, பிய்த்து அல்லது நறுக்கி உண்ணும் வழக்கம் நிலைபெற்றது. வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் வினிகரும் மிளகாயும் சேர்ந்த நீர்த்த சாறு இதனுடன் சேர்க்கப்படுகின்றது.

இறைச்சியை நெடுநேரம் மூடி வேகவைத்துப் பிய்க்கும் வழக்கம் வேறு இடங்களிலும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் நிலத்தில் குழி தோண்டி, சூடேற்றிய கற்களின் மேல் பன்றியை இலைகளால் மூடி வேகவைப்பர். மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய பன்றி இறைச்சியை வாழை இலையில் பொதிந்து வேகவைத்துப் பிய்க்கின்றனர்.

இறைச்சி மென்மையாகும் முறை

தோள்பட்டை, விலங்கு நடக்கும்போதும் நிற்கும்போதும் ஓயாது உழைக்கும் தசையாகும். ஆகவே இதில் தசைநார்களைக் கட்டி நிறுத்தும் கொலாஜன் என்னும் இணைப்புத்திசுப் புரதம் மிகுந்துள்ளது. இப்பகுதியைச் சிறிது நேரம் மட்டும் வேகவைத்தால் இறைச்சி தோல்போல் இறுகி, மெல்ல இயலாததாக இருக்கும். வெப்பநிலை உயர உயரக் கீழ்க்கண்ட மாற்றங்கள் நிகழ்கின்றன.

- ஏறத்தாழ 50 °செ முதல் தசைப் புரதங்கள் உருமாறிச் சுருங்கத் தொடங்குகின்றன.
- 60 முதல் 70 °செ வரையில் கொலாஜன் இழைகள் சுருங்கி, தசையில் உள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. இறைச்சி மிகவும் கடினமாக இருப்பது இந்நிலையில்தான்.
- 70 °செ வெப்பநிலைக்கு மேல் ஈரத்துடன் நெடுநேரம் இருக்கும்போது கொலாஜன் மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறுகின்றது.
- இறைச்சியின் நடுப்பகுதி 90 முதல் 95 °செ அளவை அடைந்து சிறிது நேரம் நின்றால், தசைநார்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும்.

கடைசி நிலையில் தசையில் இருந்த நீரின் பெரும்பகுதி வெளியேறிவிடுகின்றது. எனினும் நார்களைச் சுற்றிப் படியும் ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் உண்பவருக்கு ஈரப்பதமான உணர்வைத் தருகின்றன. தமிழ்நாட்டினர் நன்கறிந்த ஆட்டுக்கால் பாயாவில் நிகழ்வதும் இதே மாற்றம்தான். பாயாவின் சாறு விரல்களில் பிசுபிசுப்பதற்கும், குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கூழாக உறைவதற்கும் காரணம் இந்த ஜெலட்டின் ஆகும்.

இதனால்தான் கொழுப்பும் இணைப்புத்திசுவும் குறைந்த முதுகுக்கறி இவ்வுணவுக்கு ஏற்றதன்று. அதைப் பல மணி நேரம் வேகவைத்தால் கரைந்து ஈரம் தரக் கொலாஜன் இன்றி, உலர்ந்த பஞ்சுபோல் ஆகிவிடும். விலை குறைந்த, கடினமான பகுதியே இங்குச் சிறந்த பகுதியாகின்றது.

ஸ்லோ குக்கர்

வரலாறு

ஸ்லோ குக்கரை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் இர்விங் நாக்சன் ஆவார். லித்துவேனியாவில் ஓய்வுநாளுக்கு முன்மாலையில் சோலெண்ட் என்னும் யூத உணவைச் சட்டியில் இட்டு, ஊர் அடுமனையின் தணியும் அடுப்பில் இரவு முழுவதும் விட்டுவைக்கும் வழக்கத்தைத் தம் தாயிடம் கேட்டறிந்ததே இதற்குத் தூண்டுதல் என அவர் கூறியுள்ளார். இவரது கருவிக்கு 1940 ஆம் ஆண்டில் காப்புரிமை வழங்கப்பட்டது. 1970 ஆம் ஆண்டில் இவரது நிறுவனத்தை ரைவல் நிறுவனம் வாங்கி, 1971 இல் கருவியைக் கிராக்-பாட் என்னும் பெயரில் சந்தைப்படுத்தியது. பணிக்குச் செல்லும் பெண்கள் காலையில் பொருட்களை இட்டுவிட்டு மாலையில் சமைத்த உணவைப் பெறலாம் என்பதே அதன் முதன்மை விளம்பரமாக இருந்தது.

அமைப்பும் செயற்பாடும்

கருவியின் உட்பகுதி மெருகேற்றிய கனமான பீங்கான் பாத்திரம் ஆகும். அதைச் சுற்றியுள்ள உலோக உறையில் மின்சூடாக்கி உள்ளது. பீங்கான் மெல்லச் சூடேறி, பெற்ற வெப்பத்தை நெடுநேரம் வைத்திருக்கும். மூடியில் படியும் நீராவி நீராக மாறி மீண்டும் பாத்திரத்துக்குள் விழுவதால் நீர் குறைவதில்லை. எனவே சாதாரணக் குழம்புக்கு விடுவதைவிட மிகக் குறைந்த நீரே போதுமானது.

குறைவு, மிகுதி என்னும் இரண்டு நிலைகளும் வெவ்வேறு இறுதி வெப்பநிலைகளைக் குறிப்பதாகப் பலர் கருதுகின்றனர். பெரும்பாலான கருவிகளில் இரண்டு நிலைகளும் கொதிநிலையை ஒட்டிய ஏறத்தாழ ஒரே வெப்பநிலையைத்தான் அடைகின்றன. அதனை அடைய எடுக்கும் நேரமே வேறுபடுகின்றது. மூடியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழந்த வெப்பத்தை மீட்க 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகலாம்.

இந்தியாவில் பயன்படுத்தும்போது

வெளிநாட்டில் பணிபுரிந்து திரும்புவோர் இக்கருவியைத் தம்முடன் கொண்டுவருவது உண்டு. அமெரிக்காவில் வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட், இந்தியாவில் 230 வோல்ட் ஆகும். மின்சூடாக்கியின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உயரும். ஆகவே 120 வோல்ட்டுக்கென அமைந்த 250 வாட் கருவியை இந்திய மின்செருகியில் நேரடியாக இணைத்தால், அது ஏறத்தாழ 920 வாட் திறனை ஈர்க்க முற்படும். சூடாக்கி எரிந்துபோவதுடன் தீ விபத்துக்கும் வாய்ப்புண்டு. செருகியின் வடிவத்தை மட்டும் மாற்றும் இணைப்பி இதற்குத் தீர்வாகாது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி தேவை. இத்தகைய கருவிக்கு 500 வோல்ட்-ஆம்பியர் கொள்ளளவு போதுமானது. 230 வோல்ட்டுக்கென அமைந்த கருவியை வாங்குதல் இதனினும் எளிது.

250 வாட் கருவி இடைவிடாது 8 மணி நேரம் இயங்கினால் 2 அலகு மின்சாரம் செலவாகும்.

ஆசியப் பாணிச் செய்முறை

ஆசியப் பாணி என்பது அமெரிக்கச் சமையல் நூல்களில் உருவான பெயராகும். கிழக்காசிய நாடுகளில் இத்தகைய சாற்றில் வேகும் பன்றி இறைச்சி பெரும்பாலும் துண்டுகளாகவே பரிமாறப்படுகின்றது. அமெரிக்கப் பிய்க்கும் முறையும் சீனச் சுவைப்பொருட்களும் இணைந்த கலப்பு உணவாகவே இதனைக் கொள்ளலாம்.

தேவையான பொருட்கள் (6 முதல் 8 பேருக்கு)

- எலும்பு நீக்கிய தோள்பட்டை இறைச்சி - 1.5 கிலோகிராம்
- சோயா சாஸ் - 80 மில்லிலிட்டர்
- அரிசி வினிகர் அல்லது தென்னங்கள் வினிகர் - 45 மில்லிலிட்டர்
- நாட்டுச்சர்க்கரை அல்லது பொடித்த கருப்பட்டி - 60 கிராம்
- இஞ்சி - 40 கிராம், தட்டியது
- பூண்டு - 10 பல்
- அன்னாசிப்பூ - 2
- பட்டை - 1 சிறு துண்டு
- காய்ந்த மிளகாய் - 4
- நீர் - 100 மில்லிலிட்டர்
- எண்ணெய் - 1 மேசைக்கரண்டி

சோயா சாஸில் உப்பு மிகுதியாக உள்ளதால் தொடக்கத்தில் உப்புச் சேர்க்கலாகாது. சீன, கொரிய உணவுகளில் இறுதியில் சேர்க்கப்படும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் இருந்து பிழியப்படுவது. வறுக்காத எள்ளை ஆட்டி எடுக்கப்படும் நல்லெண்ணெய்க்கு அந்த மணம் இராது. ஆகவே ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் பயன்படுத்தினால் அதே சுவை கிடைப்பதில்லை. நல்லெண்ணெய் மட்டுமே இருந்தால் எள்ளை வறுத்துத் தூவலாம்.

செய்முறை

1. சென்னைக் கடைகளில் பன்றி இறைச்சி பெரும்பாலும் தோலுடன் சிறு துண்டுகளாக வெட்டித் தரப்படுகின்றது. இவ்வுணவுக்குத் தோல் நீக்கிய முழுத் துண்டைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். வீட்டில் அதனை 3 அல்லது 4 பெருந்துண்டுகளாக்கலாம்.
2. இரும்பு வாணலியில் எண்ணெயைக் காயவைத்து, ஈரம் துடைத்த துண்டுகளை எல்லாப் பக்கமும் பழுப்பு நிறமாகும் வரை வாட்ட வேண்டும். வறுத்த மணத்தைத் தரும் மெய்யார்டு வினை ஏறத்தாழ 140 °செ அளவிலேயே விரைவாக நடைபெறும். நீர் நிறைந்த ஸ்லோ குக்கர் அவ்வெப்பநிலையை அடைவதில்லை என்பதால் இப்படி தனியாகச் செய்யப்படுகின்றது.
3. துண்டுகளை ஸ்லோ குக்கரில் அடுக்கி, ஏனைய பொருட்களைக் கலந்து மேலே ஊற்ற வேண்டும். பாத்திரம் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமலும் நிரம்பியிருத்தல் நன்று.
4. குறைவு நிலையில் 8 முதல் 10 மணி நேரம், அல்லது மிகுதி நிலையில் 5 முதல் 6 மணி நேரம் வேகவிட வேண்டும். முள்கரண்டியைச் செருகித் திருப்பினால் எதிர்ப்பின்றி நார்கள் பிரிய வேண்டும். பிரியாவிடில் இறைச்சி கெட்டுவிட்டது என்று பொருளன்று. இன்னும் நேரம் தேவை என்றே பொருள்.
5. இறைச்சியைத் தட்டில் எடுத்து 15 நிமிடங்கள் ஆறவிட்டு, இரண்டு முள்கரண்டிகளால் பிய்க்க வேண்டும். அன்னாசிப்பூ, பட்டை ஆகியவற்றையும் எஞ்சிய கொழுப்புக் கட்டிகளையும் நீக்கிவிடலாம்.
6. சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, வாயடுப்பில் பாதியாக வற்றும் வரை கொதிக்கவைத்து, பிய்த்த இறைச்சியில் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும்.

1.5 கிலோகிராம் இறைச்சியில் இருந்து ஏறத்தாழ 900 கிராம் பிய்த்த இறைச்சி கிடைக்கும். சூடான தோசைக்கல்லில் சிறிது பரப்பி, ஓரங்கள் முறுகும் வரை வைத்து எடுத்தால் மென்மையுடன் மொறுமொறுப்பும் சேரும். பன், சோறு ஆகியவற்றுடன் மட்டுமன்றி ஆப்பம், பரோட்டா ஆகியவற்றுடனும் இது பொருந்தும். நறுக்கிய வெங்காயத்தாள், வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய் ஆகியன கொழுப்பின் திகட்டலைக் குறைக்கும்.

ஸ்லோ குக்கர் இன்றிச் செய்தல்

தமிழகச் சமையலறைகளில் பொதுவாக உள்ள பிரஷர் குக்கரில் இவ்வுணவை ஒரு மணி நேர அளவில் செய்யலாம். அழுத்தத்தின் கீழ் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 °செ வரை உயர்வதால் கொலாஜன் விரைவாகக் கரைகின்றது. நீரின் அளவை 250 மில்லிலிட்டராக உயர்த்தி, முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து 50 முதல் 60 நிமிடங்கள் வைத்து, அழுத்தம் தானாக அடங்கிய பின் திறக்க வேண்டும். விசில்களை எண்ணுவதைவிட நிமிடங்களைக் கணக்கிடுவதே நம்பகமானது. விசில் எழும் இடைவெளி தீயின் அளவையும் குக்கரின் அளவையும் பொறுத்து மாறும்.

அடி கனத்த பாத்திரத்திலும் செய்யலாம். மூடியின் விளிம்பை மைதா மாவால் ஒட்டி, பிரியாணிக்குத் தம் போடுவதுபோல் மிகச் சிறு தீயில் 3 முதல் 4 மணி நேரம் வைப்பர். அடிப்பிடிக்காமல் இருக்கப் பாத்திரத்தின் கீழ் பழைய தோசைக்கல்லை வைப்பதுண்டு.

ஒத்த உணவுகள்

சீனாவின் ஹாங்சோ நகரில் புகழ்பெற்ற டோங்போ பன்றி இறைச்சி, சோங் அரசமரபுக் காலக் கவிஞரும் அதிகாரியுமான சூ டோங்போவின் (1037-1101) பெயரால் வழங்குகின்றது. கொழுப்புள்ள வயிற்றுக்கறி சோயா சாஸ், மது, சர்க்கரை ஆகியவற்றில் சிறுதீயில் வேகவைக்கப்படுகின்றது. பிலிப்பைன்ஸ் நாட்டின் அடோபோவில் வினிகரும் பூண்டும் முதன்மை பெறுகின்றன.

தெற்காசியாவிலும் புளிப்புச் சாற்றில் நெடுநேரம் வேகும் பன்றி உணவுகள் பல உள்ளன.

- பந்திக்கறி: கருநாடகத்தின் குடகு மாவட்ட உணவு. கச்சம்புளி என்னும் கரிய வினிகர் சேர்க்கப்படும். முற்காலத்தில் காட்டுப்பன்றி பயன்பட்டது. தற்போது வளர்ப்புப் பன்றியே பயன்படுகின்றது.
- இலங்கைப் பன்றிக்கறி: வறுத்து அரைத்த கரிய மசாலாவும் கொறுக்காப்புளியும் சேர்க்கப்படும். கச்சம்புளியும் கொறுக்காப்புளியும் குடம்புளி இனத்தின் பழத்தில் இருந்தே பெறப்படுகின்றன.
- விண்டாலு: மதுவும் பூண்டும் சேர்ந்த போர்த்துக்கேய இறைச்சி உணவில் இருந்து கோவாவில் உருவானது. ஆங்கிலோ-இந்தியர் வழியாகச் சென்னையிலும் அறியப்பட்டது.
- அக்குனி சேர்த்த பன்றிக்கறி: நாகாலாந்து உணவு. அக்குனி என்பது நொதிக்கவைத்த சோயா அவரையாகும்.

இவற்றுள் கடைசி உணவு குறிப்பிடத்தக்கது. சோயாவும் பன்றி இறைச்சியும் சேர்ந்த சுவை இந்தியாவுக்கு வெளியில் இருந்து வந்த புதுமை அன்று. நாட்டின் வடகிழக்குப் பகுதியில் அன்றாட உணவாகவே உள்ளது.

தமிழ்நாட்டில் பன்றி இறைச்சி

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. கள் சமைப்போர் ஆண்பன்றியைக் குழியில் நிறுத்தி, பெண்பன்றியுடன் சேரவிடாமல், நெல்லை இடித்த மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்கவைத்ததையும், அதன் கொழுத்த இறைச்சி கள்ளுடன் பாணருக்கு அளிக்கப்படும் என்பதையும் அந்நூல் குறிப்பிடுகின்றது. இன்றைய சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியன அமைந்துள்ள நிலப்பகுதி பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்ததாகும்.

தற்காலத்தில் தமிழ்நாட்டில் ஆடு, கோழி ஆகியவற்றை ஒப்பிடப் பன்றி இறைச்சி உண்போர் குறைவு. இசுலாமும் யூத சமயமும் இதனை விலக்குகின்றன. இந்துக்களிலும் பலர் உண்பதில்லை. தெருவில் திரியும் பன்றிகள் கழிவுகளை உண்பதைக் கண்ட அருவருப்பும் இதற்கு ஒரு காரணம். பண்ணைகளில் அடைத்து வளர்க்கப்படும் வெள்ளை யார்க்‌ஷயர் வகைப் பன்றிகளும் அவற்றின் கலப்பினங்களும் வெண்பன்றி எனத் தனிப்பெயரால் அழைக்கப்படுகின்றன. 1989 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் உள்ள தனது ஆய்வு நிறுவனத்தில் வெண்பன்றி வளர்ப்பு ஆய்வுகளை நடத்தி வருகின்றது. இவ்வூர் பொத்தேரிக்கு அருகில் உள்ளது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள காட்டுப்பாக்கம் வேறு.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் உருவானது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் அதே காலத்தது. தொழில் வளர்ச்சியால் மேற்குப் புறநகர்களில் பல மாநிலத்தவரும் குடியேறியுள்ளனர். பன்றி இறைச்சியை வழக்கமான உணவாகக் கொண்ட வடகிழக்கு மாநிலத்தவரும் இவர்களுள் அடங்குவர். ஆட்டிறைச்சிபோல் எல்லாக் கடைகளிலும் இது விற்கப்படுவதில்லை. தனிக் கடைகளிலும் உறைநிலை இறைச்சி விற்கும் கடைகளிலும் கிடைக்கின்றது. காட்டுப்பன்றியை உரிய அனுமதியின்றி வேட்டையாடுவது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

உணவுப் பாதுகாப்பு

நாடாப்புழு

பன்றி இறைச்சி உண்டால் மூளையில் புழு வரும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இதில் பாதி மட்டுமே உண்மை. டீனியா சோலியம் என்னும் நாடாப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியில் இரண்டு தொற்றுவழிகள் உள்ளன.

முதலாவது வழியில், பன்றியின் தசையில் அரிசிமணி போன்ற வெண்ணிறக் கூடுகளாக இளம்புழு இருக்கும். சரியாக வேகாத அவ்விறைச்சியை உண்பவரின் குடலில் நாடாப்புழு வளரும். இரண்டாவது வழியில், குடலில் புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கைகள், நீர், பச்சைக் காய்கறிகள் வழியாக மற்றொருவரின் வாயை அடையும். இம்முட்டைகளில் இருந்து வரும் இளம்புழுக்களே மூளையை அடைந்து வலிப்பு நோயை உண்டாக்குகின்றன. ஆகவே பன்றி இறைச்சியைத் தொட்டும் பாராத மரக்கறி உணவினருக்கும் மூளைத் தொற்று ஏற்படலாம். வேகாத இறைச்சி மனிதரிடத்தில் புழுவை வளர்க்கின்றது; கழிப்பறை வசதியும் கைச்சுத்தமும் இல்லாமை அதனை மற்றவர் மூளைக்குக் கொண்டுசெல்கின்றது. இரண்டையும் தடுத்தால்தான் நோய் நீங்கும்.

முழுத் துண்டாக உள்ள பன்றி இறைச்சிக்கு நடுப்பகுதி வெப்பநிலை 63 °செ அடைந்து 3 நிமிடங்கள் நிற்பதும், கொத்திய இறைச்சிக்கு 71 °செ அடைவதும் போதுமென அமெரிக்க வேளாண்மைத் துறை பரிந்துரைக்கின்றது. பிய்க்கும் அளவுக்கு வெந்த இறைச்சி 90 °செ அளவைக் கடந்திருப்பதால் இளம்புழுக்கள் உயிருடன் எஞ்ச வாய்ப்பில்லை. வெண்ணிறக் கூடுகள் தென்படும் இறைச்சியை வாங்காதிருத்தல் வேண்டும்.

2009 ஆம் ஆண்டில் பரவிய எச்1என்1 காய்ச்சல் பன்றிக் காய்ச்சல் என அழைக்கப்பட்டதால் இறைச்சி மீதும் அச்சம் எழுந்தது. அது மனிதரிடம் இருந்து மனிதருக்கு மூச்சுவழி பரவிய நோயாகும். நன்கு வெந்த இறைச்சியால் பரவியதன்று.

நுண்ணுயிர்களும் வெப்பநிலையும்

மெதுவான சமையலில் கவனிக்க வேண்டிய உண்மையான இடர், உணவு 5 முதல் 60 °செ வரையிலான வெப்பநிலையில் நெடுநேரம் கிடப்பதாகும். இவ்வெல்லைக்குள் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். சில நுண்ணுயிர்கள் விடும் நச்சு, பின்னர் கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை.

- உறைந்த இறைச்சியை அப்படியே ஸ்லோ குக்கரில் இடலாகாது. குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து உருகவைத்த பின்னரே இட வேண்டும்.
- சமைத்த உணவைப் பொதுவாக 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெளி வெப்பநிலை 32 °செ அளவுக்கு மேல் இருந்தால் இக்கால எல்லை 1 மணி நேரமாகக் குறைகின்றது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பநிலை இவ்வளவை எட்டுவதால் ஒரு மணி நேரக் கணக்கையே பின்பற்றுதல் நன்று.
- ஆழமற்ற சிறு பாத்திரங்களில் பிரித்து வைத்தால் விரைவில் குளிரும்.
- மீண்டும் சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தலாகாது. அடுப்பில் நன்கு கொதிக்கும் வரை சூடாக்க வேண்டும்.
- ராஜ்மாவை இக்கருவியில் நேரடியாக வேகவைத்தல் தீங்கானது. அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம் குறைந்த வெப்பத்தில் அழிவதில்லை. ஊறவைத்து, நீரை வடித்து, புதுநீரில் நன்கு கொதிக்கவைத்த பின்னரே சேர்க்க வேண்டும்.

மின்தடை

சமையலின் இடையே மின்தடை ஏற்பட்டால், வீட்டில் ஆள் இருக்குமானால் உடனே பாத்திரம் மாற்றி வாயடுப்பில் வேகவைத்து முடிக்க வேண்டும். வீட்டில் ஒருவரும் இல்லாதபோது மின்சாரம் எவ்வளவு நேரம் நின்றது என அறிய இயலாவிடில், உணவு வெந்ததுபோல் தோன்றினாலும் எறிந்துவிடுவதே பாதுகாப்பானது. திருகுகுமிழ் உள்ள கருவிகள் மின்சாரம் திரும்பியதும் மீண்டும் இயங்கும். எண்முறைக் கருவிகளுள் பல அணைந்த நிலையிலேயே நின்றுவிடும். ஆகவே மின்தடை மிகுந்த நாட்களில், வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் சமைப்பதே தகும்.

மாற்று உணவுகள்

பன்றி இறைச்சி உண்ணாதோர் இதே சாற்றில் ஆட்டுத் தோள்பட்டையையோ கோழித் தொடைக்கறியையோ சமைக்கலாம். கோழிக்கு மிகுதி நிலையில் 3 மணி நேரம் போதுமானது. மரக்கறி உணவினருக்குப் பலாப்பிஞ்சு ஏற்றது. அதன் நார்கள் வெந்தபின் பிய்த்த இறைச்சியைப் போலவே பிரிவதால், மேலைநாடுகளில் இது இறைச்சிக்கு மாற்றாகப் பயன்படுகின்றது. எனினும் பலாவில் புரதம் குறைவு, கொலாஜன் இல்லை. ஆதலால் நெடுநேரம் வேகவைக்கத் தேவையில்லை.

இவற்றையும் பார்க்கவும்

- பந்திக்கறி
- விண்டாலு
- பிரஷர் குக்கர்
- ஜெலட்டின்
- நாடாப்புழு
- பெரும்பாணாற்றுப்படை

பகுப்புகள்: இறைச்சி உணவுகள் | சமையல் முறைகள் | உணவுப் பாதுகாப்பு